சார்ஜென்ட் படுத்துவிட்டார்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கொடிக்கம்பத்திலிருந்து பத்தடி நடந்த சார்ஜென்ட், முன்னங்கால்களை மடக்கினார், பிறகு பின்னங்கால்களை மடக்கினார், பரேட் மைதானத்தின் நடுவில் சாவகாசமாகப் படுத்துவிட்டார்.

"எழுந்திருங்க சார்" என்றான் கயிற்றைப் பிடித்திருந்தவன்.

சார்ஜென்ட் அசை போட்டார்.

சார்ஜென்ட் ஒரு செம்மறிக் கிடா. சுருண்ட கொம்பு, நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. அந்த ரெஜிமென்டின் சின்னம் அது. எல்லார் தொப்பியிலும் குத்தியிருக்கும் வில்லையில் கிடாத் தலைதான். எந்தக் காலத்திலோ மூடுபனியில் வழி தவறிய படையை ஒரு கிடா முன்னால் நடந்து ஆற்றைக் கடத்திவிட்டதாம். அன்றிலிருந்து ஒன்று போனால் இன்னொன்று. இது பதினோராவது. அதற்குப் பதவி உண்டு, மருத்துவ அட்டை உண்டு, வருஷத்துக்கு இருபது நாள் விடுப்பு உண்டு. காலையில் பெயர் கூப்பிடும்போது அதன் சார்பில் "ஆஜர்!" என்று கத்த ஓர் ஆளும் உண்டு.

அந்த ஆளை எல்லாரும் கிடாக்காரன் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதவியில் கார்ப்ரல், அதாவது கிடாவுக்கு ஒரு படி கீழே. விடிந்ததும் கொட்டிலைத் திறந்து முதலில் சல்யூட் அடிப்பான், அடுத்து புழுக்கை அள்ளுவான். ஒன்பது வருஷமாக இந்த வரிசை மாறவில்லை.

இந்த மாதக் கடைசியோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் கிடாக்காரனுக்கு மட்டும் மற்ற சிப்பாய்களுக்கு இல்லாத ஒரு நிபந்தனை. ரெஜிமென்டின் விதிப் புத்தகத்தில் மூன்றே வரியில் இருந்தது அது: கயிறு பிடிக்கும் ஆளை சார்ஜென்டே ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடிக்கம்பத்திலிருந்து கர்னலின் மேடை வரை நூற்றிருபது தப்படி. புது ஆளின் பின்னால் கிடா அந்தத் தூரத்தை நடக்க வேண்டும், பழைய ஆள் கொடிக்கம்பத்தடியிலேயே நிற்க வேண்டும். நடக்காவிட்டால் பழைய ஆளுக்கு இன்னும் மூன்று வருஷம்.

ஒப்படைப்பு வெள்ளிக்கிழமை. அதுவரை தினமும் ஒத்திகை.

"உன் மாமியாரா இருந்தாக்கூட இப்படி அடம் பிடிக்காதுடா" என்றான் கயிற்றைப் பிடித்திருந்த புது ஆள், கொடிக்கம்பத்தடியில் நின்ற கிடாக்காரனைப் பார்த்து. "வந்து எழுப்பு."

கிடாக்காரன் போனான். வலது பாக்கெட்டில் கைவிட்டான். பிஸ்கட்டை நீட்டினான். சார்ஜென்ட் துள்ளிக்கொண்டு எழுந்தார்.

புது ஆளுக்குப் பெயர் ஏழு. நாலு வருஷத்துக்கு முன் பனிமலைக் காவல்சாவடிக்குப் போய், இடது காலில் மூன்று விரல்களைக் குளிருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன். மிச்சம் ஏழு விரல். பட்டாளத்தில் அனுதாபத்தை இப்படித்தான் காட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டான். ஓடும் வேலை இனி அவனால் ஆகாது. கிடா ஏற்றுக்கொண்டால் கொட்டிலோடு சேவையை முடித்துவிட்டுக் கௌரவமாகப் போவான். ஏற்றுக்கொள்ளாவிட்டால், உடல்தகுதி இல்லை என்று முத்திரை குத்தி அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கிடா ஏன் படுக்கிறது என்று அந்த முகாமில் யாருக்கும் தெரியாது, இருவரைத் தவிர. ஒருவன் கிடாக்காரன். இன்னொருவன் பண்டகசாலையில் கம்பளி எண்ணும் மொட்டை.

அன்று மத்தியானம் கிடாக்காரனை அவன் மனைவி போனில் கூப்பிட்டாள். பண்டகசாலைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பேசினான்.

"என்னங்க, நடந்ததா?"

"இன்னிக்கு முதல் நாள்தானே. நடந்துடும்."

"அண்ணன் காலையில பேசினார். குளிர்சாதனக் கிடங்குல அந்த வேலையை ஒண்ணாம் தேதி வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியுமாம். மேலாளரோட மைத்துனன் வேற வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறானாம்."

"வந்துடுவேன்னு மச்சான்கிட்ட சொல்லு."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பள்ளிக்கூடத்துல அப்பா என்ன வேலைன்னு கேட்டிருக்காங்க. நம்ம பொண்ணு, ஆட்டுக்கிட்ட வேலை பார்க்கறார்னு சொல்லியிருக்கா. வகுப்பே சிரிச்சுதாம். வந்து ஒரே அழுகை."

"ஆடு இல்லை, கிடா."



"இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா, அந்தக் கிடாவோடவே குடும்பம் நடத்திக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் மொட்டை கம்பளிகளை எண்ணுவது கேட்டது. இதே இடம்தான். நாலு வருஷத்துக்கு முன் பனிமலைக்கு ஆள் எடுக்கும் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, தினமும் மாலை இங்கேதான் கிடாவைக் கூட்டிவருவான். கயிற்றை மொட்டை கையில் கொடுப்பான். கிடா நின்று முழிக்கும். அதன் முதுகை அழுத்திப் படுக்கவைத்து ஒரு பிஸ்கட் கொடுப்பான். மறுபடி கயிறு கை மாறும், மறுபடி படுக்கும், மறுபடி பிஸ்கட். பத்து நாளில் கிடாவுக்குப் பாடம் மனப்பாடம்: வேற்றாள் கயிற்றைப் பிடித்தால் படு, நம்மாள் பிஸ்கட்டோடு வருவான்.

பட்டியல் வந்தது. அவன் பெயர் அதில் இருந்தது. அவனுக்குப் பதிலாக யார் கயிற்றைத் தொட்டாலும் சார்ஜென்ட் படுத்தார். கர்னல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தார். பட்டியலில் அடுத்த பெயர் மலையேறியது.

அன்றைக்கு மொட்டை தலையைத் தடவிக்கொண்டே, "மாப்ளே, நீ பூட்டைப் போட்டுட்ட. உள்ளேயும் நீதான் இருக்க, ஞாபகம் வச்சுக்கோ" என்றான். இவன் அப்போது சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு தந்திரம் செய்து பார்த்தான். பிஸ்கட் பொட்டலத்தை ஏழுவின் பாக்கெட்டில் திணித்தான். சார்ஜென்ட் ஏழுவின் கையிலிருந்து மரியாதையாக வாங்கித் தின்றார். தின்று முடித்துப் படுத்தார்.

"பந்தியில சாப்பிட்டுட்டு மொய் வைக்காமப் போறவன் மாதிரி இருக்கே இவரு" என்றான் ஏழு. வேடிக்கை பார்த்த சிப்பாய்கள் சிரித்தார்கள். கர்னலின் நிர்வாக உதவியாளரான அட்ஜுடன்ட் சிரிக்கவில்லை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் கிடாக்காரன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை ஒத்திகை முடிந்து கொட்டிலுக்கு வந்தபோது ஏழு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு வாளி வெந்நீரில் இடது காலை முக்கியிருந்தான். பூட்ஸும், விரல் இல்லாத இடத்தை நிரப்பத் திணிக்கும் பஞ்சும் பக்கத்தில் கிடந்தன. காலை வெளியே எடுத்துத் துண்டால் ஒத்தினான். விரல்கள் இருந்த இடத்தில் தோல் வழுவழுவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது. கிடாக்காரன் அந்தக் காலை அன்றுதான் முழுசாகப் பார்த்தான். ஏழு திரும்பி வந்ததிலிருந்து ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டான்.

"நின்னுக்கிட்டே இருந்தாத்தான் கஷ்டம்" என்றான் ஏழு. "நடந்தா ஒண்ணும் தெரியாது. நிக்கிறப்போ பாரம் பூரா அங்கேயே இறங்கும். இவரு படுத்துக்கறாரு, நான் நின்னுட்டே இருக்கேன்."

கிடாக்காரன் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். கிடா வந்து அவன் வலது பாக்கெட்டை முகர்ந்தது. அதன் தலையைத் தள்ளிவிட்டான்.

"அது நான் சொல்லிக்கொடுத்தது."

"எது?"

"படுக்கறது. யார் கயிறு பிடிச்சாலும் படுக்கணும்னு நான்தான் பழக்கினேன். பனிமலைப் பட்டியல் வந்தப்போ."

துண்டு நின்றது. பிறகு மறுபடி ஒத்தியது. ஏழு மிச்சமிருந்த இரண்டு விரல்களின் இடுக்கை மெதுவாக, நன்றாகக் காயும்வரை துடைத்தான்.

"பட்டியல்ல உன் பேருக்கு அடுத்த பேரு என்னுது."

"தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"பட்டியல் வந்த அன்னிக்கித் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி அடுத்தது யாருன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும்..."

"பிஸ்கட் எவ்வளவு ஆச்சு?"

"என்ன?"

"இவரைப் பழக்க. எத்தனை பொட்டலம்?"

"மூணு."

ஏழு தலையாட்டினான். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன். ஏன் எனக்குன்னு. தலையெழுத்துன்னு முடிவு பண்ணி மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப பார்த்தா அது மூணு பொட்டலம் பிஸ்கட்டு."

கிடாக்காரன் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஏழு கையைக் காட்டி நிறுத்தினான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குக் கோபப்பட நேரமில்லை. எனக்கு இந்த வேலை வேணும். பழக்கினவன் நீ, எப்படி மறக்கடிக்கறதுன்னு சொல்லு."

"நான் வரக் கூடாது. அது படுத்தா எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வரக் கூடாது. தானா எழுந்திருக்கும்."

"அப்ப வராதே. நான் விழுந்தாலும் வராதே." ஏழு பஞ்சை எடுத்து பூட்ஸுக்குள் அமுக்கினான். "வராம இருக்கறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

வியாழக்கிழமை கிடாக்காரன் கொதிகலன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாய்களின் இரைச்சலுக்கு நடுவே, கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். சார்ஜென்ட் படுத்தார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு தடவை கத்தினார். ஏழு அசையாமல் நின்றான். ஐம்பது நிமிஷம். பிறகு கிடா எழுந்து உதறிக்கொண்டு, வேறு வழியில்லை என்பதுபோல ஏழுவின் பின்னால் நடந்தது. மேடை வரை நடந்தது.

கிடாக்காரன் கொதிகலன் அறையை விட்டு வெளியே வந்தான். மத்தியானம் மனைவியை அவனே கூப்பிட்டு, "மச்சான்கிட்ட உறுதியாச் சொல்லு" என்றான். மகள் போனைப் பிடுங்கி, "கிடாவையும் கூட்டிட்டு வருவியாப்பா?" என்றாள்.

"அது வராது கண்ணு. அதுக்கு இங்கே வேலை இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை சார்ஜென்டின் கொம்புகளுக்கு எண்ணெய் தடவினான், குளம்புகளுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டான். முதுகில் சிவப்புத் துணி, நெற்றியில் வெள்ளித் தகடு. கடைசியாகத் தன் வலது பாக்கெட்டை வெளியே இழுத்து, தூளைக்கூட விடாமல் உதறினான்.

மைதானத்தில் நாலு பக்கமும் அறுநூறு பேர். மேடையில் கர்னல், பக்கத்தில் தாளோடு அட்ஜுடன்ட். இன்று கொதிகலன் அறை கிடையாது. விதிப்படி அவன் கொடிக்கம்பத்தடியில், கிடாவின் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். கயிற்றை ஏழுவிடம் கொடுத்தான். ஏழு அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

பத்தடி நடந்து சார்ஜென்ட் படுத்துவிட்டார்.

பேண்டுக்காரர்கள் ஒரு மெட்டை முடித்தார்கள். மறுபடி அதையே வாசித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறியது. வரிசையில் யாரோ செருமினார்கள். கிடா கழுத்தைத் திருப்பிக் கொடிக்கம்பத்தைப் பார்த்தது. கிடாக்காரன் எதிரே இருந்த சுவரின் ஒரு செங்கல்லில் கண்ணை நட்டு வைத்தான். அவன் தொடை தானாக முன்னுக்கு இழுத்தது. போகாதே, போகாதே என்று பல்லைக் கடித்தான். போனால் மூன்று வருஷம். போகாவிட்டால் அதோ, ஏழுவின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. பாரம் பூரா அங்கே இறங்குகிறது.

கால் மணி. அரை மணி. ஏழுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எடையை வலது காலுக்கு மாற்றினான். பிறகு அதுவும் முடியாமல் இடதுக்கே வந்தான். மேடையிலிருந்து யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. முடிவு சார்ஜென்டுடையது.

முக்கால் மணி நேரம் கழித்து சார்ஜென்ட் எழுந்தார்.

அறுநூறு பேரும் மூச்சு விட்டது கேட்டது. ஏழு மேடையைப் பார்த்து ஒரு அடி வைத்தான். கிடா திரும்பியது. கொடிக்கம்பத்தைப் பார்த்து நேராக நடந்தது. ஏழு கயிற்றை விடவில்லை. நூறு கிலோ அவனை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது அடியில் இடது கால் பிசகி அவன் விழுந்தான். விழுந்தும் விடவில்லை. தரையோடு தேய்ந்தபடியே, "வராதே" என்று சொன்னான். கிடாக்காரனுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

கிடாக்காரன் போகவில்லை. கிடாதான் வந்தது. வந்து, காலியான வலது பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்தது.

"சார்ஜென்ட் முடிவு செய்துவிட்டார்" என்று அட்ஜுடன்ட் அறிவித்தார். "கார்ப்ரலின் சேவை நீட்டிக்கப்படுகிறது. புதிய நபர் மருத்துவக் குழுவின் முன்..."

"சார்."

பரேட் மைதானத்தில் கேட்காமல் பேசுவதே குற்றம். கர்னல் குனிந்து பார்த்தார்.

"சார், இது சார்ஜென்டோட முடிவு இல்லை. என்னோடது." கிடாக்காரன் கிடாவின் மூக்கைப் பாக்கெட்டிலிருந்து விலக்கினான். "நாலு வருஷத்துக்கு முன்னாடி பனிமலைக்குப் போகாம இருக்க நான் இதைப் படுக்கப் பழக்கினேன். எனக்குப் பதிலா போனவன்தான் இப்ப விழுந்து கிடக்கறான். அவன்மேல தப்பு இல்லை."

எங்கோ பின்வரிசையில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். ஏழு தரையிலிருந்து முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது. கயிறு இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. அன்று முதல்முறையாகக் கிடாக்காரனின் முகத்தைப் பார்த்தான். நன்றி சொல்லும் பார்வை இல்லை அது. அவன் சொன்னது சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் பார்வை.

அட்ஜுடன்டுக்கு இரண்டு நாள் சட்டப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. விலங்கைத் தவறாகப் பழக்கியதற்குப் பிரிவு இல்லை. கடைசியில் கிடாவின் பதவிதான் கைகொடுத்தது. 'மேலதிகாரியைக் கடமை தவறும்படி தூண்டியது' என்று எழுதினார்கள். கர்னல் அதை வாசித்தபோது அவர் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அறுபது நாள் காவலறை. அதன்பின் பணிநீக்கம், நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. சார்ஜென்டின் மனதைக் கெடுத்துவிட்டதால் ஒப்படைப்பு செல்லாது. ஏழு தற்காலிகமாகக் கயிறு பிடிப்பான். அறுபது நாள் கழித்து மறுபடி நடத்திப் பார்ப்பார்கள்.

காவலறைக்குள் போகுமுன் ஒரு தொலைபேசிக்கு அனுமதி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னான், மூன்று பொட்டலம் உட்பட.

மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "கிடங்கு வேலை போச்சு" என்றாள்.

"போச்சு."

"எத்தனை நாள்?"

"அறுபது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. வெளியே தள்ளிடுவாங்க."

"ஒன்பது வருஷத்துல இப்பதான் ஒரு கணக்கு சொல்றீங்க" என்றாள். "அவர் வீட்டுல எத்தனை பேரு?"

"யாரு?"

"அந்த ஏழு."

அவனுக்குத் தெரியவில்லை. "கேட்டதில்லை" என்றான். அவள் வைத்துவிட்டாள்.

காவலறை எட்டடிக்கு ஆறடி. ஒரு கட்டில், ஒரு வாளி, தலைக்கு மேல் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கட்டிலில் ஏறி நின்றால் பரேட் மைதானம் தெரியும். முதல் வாரம் ஏறி நின்று பார்த்தான். கிடா தினமும் பத்தடியில் படுத்தது, தினமும் கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கமே பார்த்தது. கண்ணால் கண்டுபிடித்ததோ வாசனையால் கண்டுபிடித்ததோ. ஏழு நின்றான். ஒரு நாள் ஏழு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அதில் உட்கார்ந்துகொண்டான். யாரும் தடுக்கவில்லை.

எட்டாம் நாளிலிருந்து கிடாக்காரன் ஜன்னலுக்குப் போவதை விட்டுவிட்டான். காலை எட்டு மணி ஆனதும் எதிர்ச் சுவரோரம், கதவுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வான். இருமல் வந்தாலும் துண்டை வாயில் அமுக்கிக்கொள்வான். காவல்காரன் சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளும்போது, "என்ன, தண்டனைக்கு மேல தண்டனையா?" என்று கிண்டல் செய்தான். அவன் தட்டைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டான்.

இருபத்தோராம் நாள் நாற்காலி விரிக்கும் சத்தம் கேட்கவில்லை. கேட்டது வேறு. ஒரு பூட்ஸ் திடமாக விழுந்தது, அடுத்தது சற்றே இழுத்துக்கொண்டு விழுந்தது. அதன் பின்னால் நாலு குளம்புகள். பத்தடி. இருபது. அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு எண்ணினான். நாற்பதில் குளம்புகள் நின்றன. அவன் மூச்சையும் நிறுத்தினான். கட்டில் நாலே அடியில் இருந்தது, ஏறினால் மைதானம் தெரியும், கிடாவுக்கு அவனும் தெரிவான். சுவரோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தான்.

பிறகு நாற்பத்தொன்று.